பயத்தை மறைக்காதே!

(வேதபாடம்)

தியானப் பகுதி: மாற்கு 8:22-25



இந்த மாதப் பாடம் ஆபரேஷனைக் குறித்த பயம். "பாஸ்டர், இதெல்லாம் சபைப் பத்திரிகையில எழுதுற விஷயமா?" என்று நீங்கள் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் வருகிற ஜெபக் குறிப்புச் சீட்டுகளை வாசிக்கிறவன் நான். "ஆபரேஷன் இல்லாமல் சுகமாக ஜெபிக்கவும்" என்று ஒரு சீட்டாவது வராத வாரம் இல்லை. கர்ப்பப்பைக் கட்டி, பித்தப்பைக் கல், கண்புரை, மூலம், குடல் இறக்கம்... சீட்டில் வியாதியின் பெயர் இருக்கும். பயத்தின் பெயர் இருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த விஷயத்தில் நானே தவறினவன். வேதாகமக் கல்லூரியில் படித்து டிப்ளமோ வாங்கினேன். வாரம் முழுக்க திருவொற்றியூரில் கண்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறேன், சாயங்காலமும் ஞாயிறும் ஊழியம் செய்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் எப்படி நிற்கணும் என்பதை ஒரு சகோதரனுடைய உயிர் ஊசலாடினபோதுதான் கற்றுக்கொண்டேன்.

1. ஒரு சகோதரனும் நானும்

அவர் பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருக்கிறவர். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவர். அடிவயிற்றின் வலது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். நம்ம ஜனங்கள் குடல் இறக்கம் என்கிறார்கள், டாக்டர்கள் ஹெர்னியா என்கிறார்கள். மூன்று வருஷம் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே வேலைக்குப் போனார்.

என்னிடம் ஜெபத்துக்கு வந்தார். நான் கை வைத்து ஜெபித்தேன். "விசுவாசமா இருங்க பிரதர், கர்த்தர் பார்த்துக்குவார்" என்றேன். அதில் தப்பில்லை. ஆனால் "டாக்டரைப் பார்த்தீங்களா, என்ன சொன்னாங்க, ஏன் பயப்படுறீங்க?" என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். கேட்காததால் என் ஜெபத்தையே ஒரு சாக்காக வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போட்டார்.

ஒரு ராத்திரி ஒரு மணிக்கு அவர் மனைவி கதவைத் தட்டினார்கள். வீக்கம் உள்ளே போகவில்லை. கல் மாதிரி இறுகிவிட்டது. வாந்தி நிற்கவில்லை. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். வெளியே வந்த குடல் அந்த இடுக்கிலே மாட்டிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோகிறது, உடனே திறக்கணும் என்றார்கள். டாக்டர் அவசரமாகக் கேள்விகள் கேட்டார். "சுகர் இருக்கா? பிரஷர் இருக்கா? குடிப்பீங்களா?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்து, "இல்ல சார்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அழுகிப்போன குடலில் ஒரு துண்டை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் போன் வந்தது. "பாஸ்டர், உடனே வாங்க. அவருக்கு ஏதோ பிடிச்சிருக்கு." போய்ப் பார்த்தால் உடம்பெல்லாம் நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, இல்லாத பூச்சியைச் சுவரிலே காட்டுகிறார், ட்யூபைப் பிடுங்குகிறார். சொந்தக்காரர் ஒருவர், "பிசாசு துரத்துங்க பாஸ்டர்" என்றார். நானும் வேதத்தைத் திறந்தேன். அதற்குள் டாக்டர் மனைவியைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டார். அந்த அம்மா அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார்கள். தினமும் ஒரு குவாட்டர். சபைக்குத் தெரியாமல்.

தினமும் குடித்துப் பழகின உடம்பு திடீரென்று குடி நின்றால், இரண்டு மூன்று நாளில் இப்படிக் கலங்கும் என்று டாக்டர் விளக்கினார். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், உயிரே போகலாம். முதலிலேயே சொல்லியிருந்தால் அதற்கு மருந்து கொடுத்துக்கொண்டே பார்த்திருப்போம் என்றார். தேவ கிருபையால் அவர் பிழைத்தார். வீட்டுக்கு வந்தபிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "பாஸ்டர், கத்திக்குக்கூட அவ்வளவு பயப்படல. நீங்க பக்கத்துல நின்னீங்களே, அதான்."

அன்று நான் துரத்த வேண்டியிருந்தது பிசாசை அல்ல. என் பக்கத்தில் நின்று ஒரு மனுஷன் உண்மை பேச முடியாதபடி செய்த அந்தப் பயத்தை.

2. ஆசா ராஜா செய்த தவறு என்ன?

ஆஸ்பத்திரி என்றவுடனே நம்மில் சிலர் 2 நாளாகமம் 16:12-ஐத் திறப்பார்கள். ஆசா ராஜாவுக்குக் காலிலே கொடிய வியாதி வந்தது, அவன் வைத்தியர்களைத் தேடினான், அதனால்தான் மரித்தான் என்பார்கள். தேவபிள்ளையே, அந்த அதிகாரத்தை ஆரம்பத்திலிருந்து வாசித்துப் பார். ஆசா சீரியா ராஜாவை நம்பினான். கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலில் வைத்தான். ஜனங்களில் சிலரை ஒடுக்கினான். தேவனை விட்டு விலகின இருதயம் வியாதியிலும் அவரைத் தேடவில்லை. வேதம் குற்றமாகச் சொல்வது அவன் கர்த்தரைத் தேடாமற்போனதை. வைத்தியன் வீட்டுக்குப் போனதை மட்டும் எடுத்துக் குற்றமாக்கக் கூடாது.

எசேக்கியா ராஜாவைப் பார். கண்ணீரோடு ஜெபித்தான், பதினைந்து வருஷம் ஆயுசு கூட்டிக் கொடுக்கப்பட்டது. அதே ஏசாயா 38-ஆம் அதிகாரத்தில் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைத்துக் கட்டச் சொன்னதும் எழுதியிருக்கிறது. வாக்குத்தத்தம் கொடுத்தவரும் தேவன், பத்துப் போடச் சொன்னவனும் அவருடைய தீர்க்கதரிசி. பவுலோடு கூடவே பிரயாணம் பண்ணின லூக்கா ஒரு வைத்தியன். கொலோசெயருக்கு எழுதும்போது பவுல் அதைப் பிரியத்தோடு சொல்லுகிறார்.

மருந்தே எடுக்காமல் வாழ்ந்து முடித்த பரிசுத்தவான்களை நான் குறைசொல்லவில்லை. ஆனால் தன் விசுவாசத்தினால் மருந்தை விடுவது வேறு, பயத்தினால் ஆஸ்பத்திரியை விட்டு ஓடி அதற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பது வேறு. இரண்டாவதைத்தான் நாம் அறிக்கையிட வேண்டியிருக்கிறது.

3. பயப்படுவது பாவமா?

கெத்செமனேயில் ஆண்டவர் திகிலடைந்தார், வியாகுலப்பட்டார் என்று மாற்கு 14:33-34 மறைக்காமல் சொல்லுகிறது. அவர் அதைத் தம்முடைய மூன்று சீஷரிடம் வாய்விட்டுச் சொன்னார், பக்கத்தில் இருக்கச் சொன்னார். தேவகுமாரனே பயத்தை மறைக்கவில்லை. நாம் யார், "எனக்கென்ன பயம், அல்லேலூயா" என்று சொல்லிவிட்டு ராத்திரி முழுக்க விழித்திருக்கிறதற்கு?

நம்ம பகுதியில் இந்தப் பயத்துக்கு ஒரு பழைய வேரும் இருக்கிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். 1782-ல் பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கின மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. போக்கிடம் இல்லாதவர்களும் சாகக் கிடந்தவர்களும் கடைசியாக வந்து சேர்ந்த இடம். அந்த நாட்களில் மயக்க மருந்து கிடையாது. நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, சுயநினைவோடுதான் கத்தி வைத்தார்கள். பாட்டன் பார்த்த அந்தப் பயம் பேரன் வரைக்கும் வந்திருக்கிறது.

ஆனால் அந்த இடமே மாறிவிட்டது. 1938-ல் அங்கே மருத்துவக் கல்லூரி உண்டாயிற்று. பேராசிரியர் ஆர். வெங்கடஸ்வாமி என்ற அறுவை நிபுணர் கைக்கென்றே அங்கு ஒரு தனித் துறையைக் கட்டியெழுப்பினார். மெஷினில் விரலும் கையும் போகிற இந்தத் தொழிற்சாலைப் பகுதிக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! ஆஸ்பத்திரி மாறிவிட்டது, நம்ம பயம்தான் கஞ்சித் தொட்டிக் காலத்திலேயே நிற்கிறது.

4. மூன்று பயங்களும் அவற்றின் பதிலும்

(அ) "மயக்கம் கொடுத்தா எழுந்திருக்க மாட்டேன்."

1846 அக்டோபர் 16-ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதர் கொடுத்து, வலி தெரியாமல் ஆபரேஷன் செய்யலாம் என்று ஊரறியக் காட்டினார். அடுத்த வருஷம் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற டாக்டர் குளோரோபாமைக் கொண்டுவந்தார். "வலியை நீக்குவது தேவ சித்தத்துக்கு விரோதம்" என்று அப்போதும் சிலர் எதிர்த்தார்கள். சிம்ப்சன் அவர்களுக்கு ஆதியாகமம் 2:21-ஐக் காட்டினார். ஆதாமுக்கு ஆழ்ந்த நித்திரையை வரப்பண்ணி, விலா எலும்பை எடுத்து, அந்த இடத்தைச் சதையினால் அடைத்தவர் யார்? உலகத்தின் முதல் ஆபரேஷனைச் செய்தவர் நம்முடைய சிருஷ்டிகர். வலி தெரியாமல்தான் செய்தார். அல்லேலூயா!

இன்று மயக்க மருந்துக்கென்றே தனியாகப் படித்த டாக்டர் இருக்கிறார். ஆபரேஷன் முடியும் வரை உங்கள் மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் இதைக் கவனிப்பதே அவருடைய வேலை. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வயது, இருதயம், நுரையீரல் இவற்றைப் பொறுத்து ஆபத்து கூடும், குறையும். "என் உடம்புக்கு எவ்வளவு ஆபத்து?" என்று அவரிடமே கேட்கலாம்.

சாப்பிடக் கூடாது என்று சொல்வது அவருக்காகத்தான். மயங்கின நேரத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே மோசம். பொதுவாக திட ஆகாரத்துக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் என்று கணக்கு. உங்களுக்குச் சொன்ன கணக்கு எதுவோ அதுவே சட்டம். "பாவம், பிள்ளை பசியோட இருக்கே" என்று மறைவாக இட்லி கொடுக்கிற அன்புள்ள தாய்மார்களே, அந்த அன்பை ஆபரேஷனுக்குப் பிறகு காட்டுங்கள்.

(ஆ) "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி."

முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசியை அதற்குக் கீழேதான் போடுகிறார்கள். மரத்துப்போனது சில மணி நேரத்தில் தெளியும். குத்தின இடத்தில் கொஞ்ச நாள் வலி இருக்கலாம். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும். சொன்னால் அதற்கும் வைத்தியம் இருக்கிறது. வருஷக்கணக்கான முதுகுவலிக்கு அந்த ஊசியைக் காரணம் சொல்லுவது ஜனங்களுடைய பேச்சு. நம்ம வேலையும் நாம் தூக்குகிற பாரமும் வயசும்தான் அதிகமாய்க் காரணம்.

(இ) "செத்தா நாங்க பொறுப்பில்லன்னு கையெழுத்து வாங்குறாங்க."

பிரியமானவர்களே, நம்ம தெருவில் எல்லாரையும் விரட்டுகிற பயம் இதுதான். இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

பெதஸ்தா குளத்தண்டையில் முப்பத்தெட்டு வருஷம் படுத்திருந்தவனிடம் ஆண்டவர் முதலில் ஒரு கேள்வி கேட்டார் (யோவான் 5:6). உனக்குச் சுகமாக விருப்பம் உண்டா என்று. எரிகோவின் குருடனிடமும் நான் உனக்கு என்ன செய்யணும் என்று கேட்டார் (மாற்கு 10:51). அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த மனுஷனுடைய சம்மதத்தைக் கேட்டுத்தான் அவனைச் சுகமாக்கினார். ஆஸ்பத்திரியில் வாங்குகிற கையெழுத்தும் அந்தக் கேள்விதான். "உங்க உடம்புல நாங்க கை வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி என்பவருடைய வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உள்ளே கருவி விட்டுப் பரிசோதித்துப் பார்க்க மட்டும் சம்மதித்த ஒரு பெண். அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அது தவறு என்று தீர்ப்பு. வயதுவந்த, சுயநினைவு திரும்பக்கூடிய ஒருவருக்கு, உயிர் போகிற அவசரமும் இல்லாதபோது, வேறொருவருடைய சம்மதம் செல்லாது. என்ன வியாதி, என்ன செய்யப் போகிறோம், அதனால் நன்மை என்ன, ஆபத்து என்ன, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் விளக்கியிருக்கணும். நோயாளி அதை அறிந்து சம்மதிக்கணும்.

சகோதரிகளே, கவனியுங்கள். உங்கள் உடம்புக்கு உங்கள் கையெழுத்து. புருஷன் போட்டார், அண்ணன் போட்டார் என்று இருந்துவிடாதீர்கள். படிக்கத் தெரியாதவர் "தமிழ்ல வாசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டபிறகு கைநாட்டு வைக்கலாம். அந்தக் கையெழுத்து டாக்டருடைய கவனக்குறைவை மன்னித்துவிடுகிற சீட்டும் அல்ல. தவறு நடந்தால் கேட்கிற உரிமை கையெழுத்துக்குப் பிறகும் உங்களுக்கு உண்டு.

5. டாக்டரிடம் மறைக்காதே

நம்ம சகோதரன் மறைத்ததினால் என்ன ஆனது என்று பார்த்தோம். ஆபரேஷனுக்கு முன்னே இவற்றையெல்லாம் வாய் திறந்து சொல்லணும்:

* குடி, பீடி, சிகரெட், ஹான்ஸ், பான்பராக்: எது, எவ்வளவு, கடைசியாக எப்போது.
* சுகர், பிரஷர், ஆஸ்துமா, வலிப்பு, நெஞ்சுவலி.
* தினம் போடுகிற மாத்திரைகள். முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மாத்திரை. எதை நிறுத்தணும், எதைத் தொடரணும் என்று டாக்டர்தான் சொல்லணும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.
* நாட்டு மருந்து, லேகியம், பொடி. "அது இயற்கைதானே" என்று விடாதீர்கள்.
* எந்த மருந்தாவது முன்னே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அது.
* கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம்.

இதில் போதகனுக்கு ஒரு பாடம் உண்டு. டாக்டர் கேள்வி கேட்க வரும்போது நான் இப்போது எழுந்து வெளியே போய்விடுகிறேன். "பிரதர், நான் வராந்தாவுல இருக்கேன். அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க. என்கிட்ட சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன். மாமியாரும் மச்சானும்கூட அப்படியே வெளியே நின்றால் நல்லது.

இன்னொன்று. தியேட்டருக்குள் போனபிறகும் உங்கள் பெயர் என்ன, என்ன ஆபரேஷன், வலது பக்கமா இடது பக்கமா என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். "என் பேரே தெரியாத டாக்டரா என்னை அறுக்கப் போறார்?" என்று ஒரு தாயார் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தார்களாம். அம்மா, அது தெரியாமல் கேட்பது அல்ல. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் 19 கேள்விகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்தது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரை விட்டு வெளியே வரும் முன் என்று மூன்று முறை நின்று சரிபார்க்கணும். டெல்லி உட்பட உலகத்தின் 8 நகரங்களில் இதைச் செய்து பார்த்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பின் மரித்தவர்கள் 100-க்கு 1.5 பேராக இருந்தது 0.8 ஆகக் குறைந்தது. ஆகவே பத்து முறை கேட்டாலும் பத்து முறையும் பெயரைச் சொல்லுங்கள்.

6. "மரம் மாதிரி மங்கலா தெரியுது"

இப்போது நம் தியானப் பகுதிக்கு வருகிறோம். பெத்சாயிதாவில் ஆண்டவர் ஒரு குருடனைத் தொட்டுவிட்டு, ஏதாவது தெரிகிறதா என்று அவனையே கேட்டார். அவன் என்ன சொன்னான்? ஆளுங்க நடக்குறது தெரியுது, ஆனா மரம் மாதிரி இருக்கு என்கிற கருத்தில் பதில் சொன்னான். தொட்டவர் தேவகுமாரன், சுற்றிலும் சீஷர்கள். "நல்லா தெரியுது ஆண்டவரே" என்று மரியாதைக்குப் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த மங்கலோடேயே வீட்டுக்குப் போயிருப்பான். உண்மையைச் சொன்னான். ஆண்டவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடியும் அவன் கண்களின்மேல் கை வைத்தார், தெளிவாகக் கண்டான்.

ஆபரேஷனுக்குப் பிறகு "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம்ம ஜனங்கள் "பரவாயில்ல சார்" என்பார்கள். நர்ஸ் திட்டுவார்களோ, தொந்தரவு பண்ணுகிறோமோ என்ற பயம்.

2022 நவம்பரில் நம்ம வடசென்னை அழுத ஒரு துக்கத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயது கால்பந்து வீராங்கனை. முழங்கால் ஜவ்வு கிழிந்ததற்காக ஆபரேஷன் நடந்தது. பிறகு போட்ட இறுக்கமான கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுத்துவிட்டது. காலை எடுக்க வேண்டியதாயிற்று. நவம்பர் 15-ஆம் தேதி அந்தப் பிள்ளை மரித்தாள். கவனக்குறைவு நடந்தது என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டு இரண்டு டாக்டர்களைப் பணியிடை நீக்கம் செய்தது. தவறு அந்தப் பிள்ளையுடையதும் அல்ல, பெற்றவர்களுடையதும் அல்ல. அதற்குப் பிறகு நம்ம சபையிலேயே இரண்டு பேர் ஆபரேஷன் தேதியை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் பயத்தை நான் கேலி பண்ணமாட்டேன். அது கண்ணால் கண்ட பயம்.

ஆனால் அந்தத் துக்கத்திலிருந்து வீட்டிலே உட்கார்ந்துகொள்ளக் கற்றுக்கொள்ளாமல், விழித்திருக்கக் கற்றுக்கொள்வோம். கையிலோ காலிலோ கட்டுப் போட்டிருக்கும்போது, மருந்துக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனால், விரல்கள் மரத்துப்போனால், ஜில்லென்று ஆனால், வெளுத்தோ நீலமாகவோ மாறினால், விரலை அசைக்க முடியாமற்போனால், ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது. உடனே நர்ஸையும் டாக்டரையும் கூப்பிட்டுக் கட்டைப் பார்க்கச் சொல்லணும். ஒருவர் வரவில்லை என்றால் அடுத்தவரை. ராத்திரி இரண்டு மணி என்றாலும் சரி. எந்த ஆபரேஷனுக்குப் பிறகும் காய்ச்சல், மூச்சுத் திணறல், நிற்காத ரத்தம், புண்ணில் சீழ், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், சிறுநீர் போகாமை, புத்தி தடுமாறுதல், இவற்றில் எது கண்டாலும் சொல்லணும். பரவாயில்லை என்று சொல்வது இங்கே தாழ்மை அல்ல.

7. சபை என்ன செய்யலாம்?

நல்ல சமாரியன் அடிபட்டவனைக் கண்டபோது காயத்தைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், பணம் கொடுத்தான், திரும்பி வந்து பார்ப்பேன் என்றும் சொன்னான் (லூக்கா 10:34-35). நாமும் அப்படியே செய்வோம்.

முதலாவது, ஜெபக் குறிப்புச் சீட்டைக் கொடுக்கிறவரிடம் "டாக்டர் என்ன சொன்னார், உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்போம். கேட்டுவிட்டு ஜெபிப்போம். பயம் பெயரோடு வெளியே வந்தால்தான் அதற்காகக் குறிப்பாய் ஜெபிக்க முடியும்.

இரண்டாவது, டாக்டரைப் பார்க்கப் போகிறவரோடு வாலிபர் ஒருவர் போகட்டும். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: என் வியாதி என்ன? இந்த ஆபரேஷன் கட்டாயமா? கொஞ்ச நாள் பொறுத்தால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? ஆபத்து என்ன? எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? பதில் புரியாவிட்டால், "சார், இன்னொரு தடவை எளிமையா சொல்லுங்க" என்று கேட்பதில் வெட்கம் இல்லை. மனசு ஒப்பவில்லை என்றால் இன்னொரு டாக்டரிடமும் காட்டலாம். சில நேரம் ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்றே பதில் வரும்.

மூன்றாவது, பணம். அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடந்து வருகிறது. அட்டை உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் வைத்தியம் உண்டு. அட்டை இல்லாதவர்கள் வியாதி வருமுன்னே வாங்கி வையுங்கள். அவசரத்துக்கு 108, ஆலோசனைக்கு 104 என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

நான்காவது, குடல் இறக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. தசையில் உண்டான ஓட்டை மாத்திரையால் மூடாது, துண்டு கட்டினாலும் மூடாது. நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன் சாதாரணமானது. மாட்டிக்கொண்டபிறகு நடுராத்திரியில் செய்கிறது ஆபத்தானது. வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால், காத்து பிரியவில்லை என்றால், ஜெபித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறுங்கள்.

அந்தச் சகோதரன் இன்று மூட்டை தூக்குவதில்லை. ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருக்கிறார். குடியை விட அவருக்கு இரண்டு வருஷம் பிடித்தது. நடுவில் விழுந்தார், எழுந்தார். ஒவ்வொரு தடவையும் என்னிடம் வந்து சொன்னார். போன மாதம் அவர் மனைவிக்குப் பித்தப்பை ஆபரேஷன். டாக்டர் வந்ததும் நான் எழுந்தேன். எனக்கு முன்னாலேயே அவர் எழுந்து, "வாங்க பாஸ்டர், நாம வெளிய நிப்போம். அவ பேசட்டும்" என்றார்.

சிந்தனைக்கு:

1. ஆசாவின் குற்றம் எது? 2 நாளாகமம் 16-ஐ முழுவதும் வாசித்துக் குடும்ப ஜெபத்தில் பேசுங்கள்.
2. பெத்சாயிதா குருடன் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?
3. நான் பக்கத்தில் நிற்பதால் உண்மை பேசப் பயப்படுகிறவர் என் வீட்டில் யாராவது உண்டா?

ஜெபம்: அன்புள்ள ஆண்டவரே, எங்கள் பயத்தை உம்மிடத்தில் மறைக்க முடியாது. மனுஷரிடத்திலும் மறைக்காதிருக்க எங்களுக்குத் தைரியம் தாரும். எங்கள் பகுதியின் டாக்டர்கள், நர்ஸ்கள், தியேட்டரில் நிற்கிற ஒவ்வொருவருடைய கைகளையும் ஆசீர்வதியும். கத்தி பிடிக்கிற கைக்குக் கவனத்தையும், கட்டிலில் இருக்கிறவருக்கு வாய் திறக்கிற பெலனையும் கொடும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.